நெஞ்சு வைத்த உருண்டை

டெமெத்ரியோ வந்து சேருவதற்கு முன்னாலேயே அவனுடைய வாய் வந்து சேர்ந்துவிட்டது. குவாயாகிலிலிருந்து எஸ்மெரால்தாஸுக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருந்தான். கண்டக்டர் அதை மீன் விற்கும் நின்ஃபாவிடம் சொன்னான். நின்ஃபாவிடம் சொன்ன பிறகு ஊரில் தண்டோரா போட வேண்டிய அவசியம் இல்லை.

"அக்கா, உன் புருஷன் சனிக்கிழமை காலையில வர்றானாம். உன் கடையில உட்கார்ந்து உருண்டை திங்கப் போறானாம். உள்ள நெஞ்சு இருக்கும், பாத்துக்கிட்டே இருங்கன்னு சொன்னானாம்."

லெயோனிசா வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பால் கறை பிடிக்காமலிருக்க இரண்டு கையிலும் எண்ணெய் தடவியிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எந்தப் புருஷன்?"

"உனக்கு எத்தனை புருஷன், அக்கா?"

"இருந்த ஒண்ணும் என் வாணலியைத் தூக்கிட்டு ஓடிப்போச்சு. வாணலி வருதான்னு கேட்டியா?"

நின்ஃபா கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல், கேட்கக் கூடாததை நாலு பேரிடம் சொல்லுவதுதான் அவளுடைய குணம்.

டெமெத்ரியோ ஓடிப்போய் ஏழு வருஷம் ஆகிறது. குவாயாகிலில் சலூன் வைத்திருந்த யாதிராவோடு போனான். போகிறவன் சும்மா போயிருந்தால்கூட லெயோனிசா ஒரு வாரம் அழுதுவிட்டுத் தண்ணி தெளித்து விட்டிருப்பாள். அவளுடைய கனமான இரும்பு வாணலியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். யாதிராவுக்குச் சமைத்துப்போட இல்லை, அவனுக்குச் சமையல் தெரியாது. யாதிராவுக்கும் தெரியாது. நல்ல வாணலி இருந்தால் சமையல் தானாக வந்துவிடும் என்று நினைக்கிற அளவுக்குத்தான் அவனுக்கு மூளை. இப்போது யாதிராவும் கதவைச் சாத்திவிட்டாள். சட்டியையும் சாமானையும் அவளே வைத்துக்கொண்டாள் என்று கேள்வி. அதில் மட்டும் லெயோனிசாவுக்கு அவள்மேல் ஒரு சின்ன மரியாதை.

உருண்டை என்று அவர்கள் சொன்னது பொலோன். அந்த ஆற்றங்கரைச் சந்தையில் விடிந்தால் எல்லோருக்கும் அதுதான் சாப்பாடு. பச்சை வாழைக்காயை வேகவைத்து, ஆவி போவதற்குள் மர உரலில் போட்டு இடித்து, உப்புச் சீஸை உதிர்த்துப் பிசைந்து, கைக்குள் அடங்குகிற மாதிரி உருட்டி, பன்றிக் கொழுப்பில் மேல்தோல் மொறுமொறுவென்று வரும்வரை புரட்டி எடுக்க வேண்டும். கேட்டால் ஒன்றுமே இல்லாத வேலை. ஆனால் காய் ஒரு பொழுது கூடுதலாக வைத்திருந்து பழுக்க ஆரம்பித்துவிட்டால் உருண்டை இனித்துக்கொண்டு உதிரும். ஆறவிட்டு இடித்தால் ரப்பர். ஸ்பூனால் மசித்தால் அது குழந்தைக் கஞ்சி. சந்தைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மிக்ஸியில் அரைத்து விற்கிறாள். அவளைப் பற்றிப் பேசினால் லெயோனிசா தரையில் துப்புவாள்.

ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியோடு கொண்டுவரப்பட்டவர்கள் இந்தக் கரையில் இறங்கும்போது கையில் ஒன்றுமே கொண்டுவரவில்லை, கையைத்தான் கொண்டுவந்தார்கள் என்று தோன் பௌலினோ சொல்லுவார். மாதா திருவிழாவில் பெரிய முரசு அடிக்கிற கிழவர். அங்கே கிழங்கு இடித்த கை இங்கே வாழைக்காய் இடித்தது. "கைக்கு மறதி கிடையாதும்மா," என்பார், ஓசிக் காபி குடித்துக்கொண்டே. லெயோனிசாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஏன் பிடிக்காது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கைக்காரனுக்குச் சீஸை உதிர்த்துப் பிசைந்த உருண்டைதான். வீட்டு ஆளுக்கு அப்படி இல்லை. பிசைந்த உருண்டைக்கு நடுவில் சீஸ் துண்டு ஒன்றை முழுதாக வைத்து மூடுவார்கள். அதற்குத்தான் நெஞ்சு என்று பெயர். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிட்டுப் பார்த்தால்தான் தெரியும், நீ யார் என்று. கல்யாணம் பேச வந்தவனுக்குப் பெண் வாயைத் திறந்து சம்மதம் சொல்லுவதில்லை, உருண்டையைக் கொடுப்பாள். நின்ஃபாவின் பெண்ணைக் கேட்டு இழுவைப்படகு ஓட்டுகிறவன் ஒருத்தன் வந்தான். பிட்டான், நெஞ்சு இல்லை. முழு உருண்டையையும் மரியாதையாகத் தின்றுவிட்டுக் காசை வைத்துவிட்டு எழுந்து போனான். வீட்டு ஆள் காசு கொடுப்பதில்லை, வெளி ஆள் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு மேல் ஒரு பேச்சும் கிடையாது.

ஆகவே டெமெத்ரியோ கேட்டு அனுப்பியிருப்பது வெறும் காலைச் சாப்பாடு இல்லை. உருண்டையில் நெஞ்சு இருந்தால் அவன் வீட்டுக்காரன். வீடு, கடை, கட்டில் எல்லாம் பழையபடி. சந்தை முழுக்கச் சாட்சி. அதன்பிறகு லெயோனிசா மாட்டேன் என்றால் அவளைத்தான் பைத்தியம் என்பார்கள்.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? உதிர்த்துப் போட்டுக் குடு. மூஞ்சி செத்துப்போயிடும் அவனுக்கு," என்றாள் நின்ஃபா.

"நான் எங்கடி யோசிச்சேன்?"

அது பொய். அவள் யோசித்தாள். டெமெத்ரியோவைப் பற்றி இல்லை. அவனைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை, காலி டப்பாவைத் திறந்து பார்ப்பது போலத்தான். அவள் பயந்தது தன் கைக்கு.

அவன் ஓடிப்போன மறுநாள் காலை, அழுத கண்ணோடு கடை வைத்தாள். ஏவாரம் முடிந்து பார்த்தால் தட்டில் ஒரு உருண்டை மிச்சம். பிட்டுப் பார்த்தாள், உள்ளே நெஞ்சு. கை பாட்டுக்குப் பழக்கத்தில் அவனுக்கு வைத்திருக்கிறது. அவளுக்கு அவமானமாக இருந்தது. தின்ன மனசு வரவில்லை, விற்கவும் முடியாது. லாரி இடித்துக் கால் ஒடிந்த நாய் ஒன்று மேசைக்கடியில் வந்து படுத்திருந்தது. அதன் முன்னால் போட்டாள். மறுநாளும் ஒரு உருண்டை. அதற்கு மறுநாளும். கையைத் திட்டினாள், கையில் அடித்துக்கொண்டாள், ஒரு மாசம் நெஞ்சு வைக்கிற துண்டே இல்லாமல் சீஸை முழுக்க உதிர்த்துவைத்துப் பார்த்தாள். அந்த மாசம் நன்றாகத்தான் போனது. அடுத்த மாசம் அசந்த நேரத்தில் கை மறுபடியும் ஒரு துண்டை ஒடித்து உள்ளே வைத்துவிட்டது. ஏழு வருஷமாக, எல்லோரும் போன பிறகு, கடைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த நாய்க்கு அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நாய்க்குக் கர்னல் என்று பெயர். ஊரில் ஒருத்தருக்கும் இது தெரியாது. தெரிந்தால் அவள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஏழு வருஷமாக அவனை வாய் கிழியத் திட்டுகிறவள் அவள்.

அவளுடைய வாய்க்கு ரோஷம் உண்டு. கைக்குத்தான் இல்லை.

சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து, சீஸ் முழுவதையும் ஒரு துண்டு மிச்சமில்லாமல் உதிர்த்தாள். உதிர்த்ததைப் பெரிய பாத்திரத்தில் போட்டு மூடினாள். இப்போது என்ன செய்வாய் பார்க்கலாம் என்று கையைப் பார்த்துக் கேட்டாள். கர்னல் மேசைக்கடியிலிருந்து இதைப் பார்த்துக் கவலைப்பட்டது.

ஆனால் கூட்டத்தை அவள் கணக்கில் எடுக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள், படகுக்காரர்கள், தேங்காய் விற்கிறவர்கள், மிக்ஸிக்காரியின் வாடிக்கைகள்கூட வந்து நின்றார்கள். ஒருத்தனுக்கும் பசி இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவன் சும்மா நின்றால் அசிங்கமாக இருக்குமே என்று ஆளுக்கு ஒரு உருண்டை வாங்கித் தின்றுகொண்டே நின்றான். பாதியில் சீஸ் தீர்ந்துபோனது. நின்ஃபா ஓடிப்போய் மளிகைக்கடையிலிருந்து ஒரு பாளம் வாங்கி வந்து மேசையில் வைத்தாள். லெயோனிசா ஒரு கையால் உலக்கை போட்டாள், ஒரு கையால் சீஸை ஒடித்தாள், "காபி", "மிளகாய்த் தண்ணி", "எனக்கு நல்லா முறுகலா" என்று எட்டுத் திக்கிலிருந்தும் கூச்சல். அந்த நேரத்தில் கை என்ன செய்தது என்று அவள் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவன் வந்தான்.

கிளி படம் போட்ட சட்டை. வெள்ளை ஷூ, மீன் தண்ணீர் ஓடுகிற சந்தையில். தலைமுடிக்கு மை. மை நெற்றியில் வழிந்து காதோரம் இறங்கியிருந்தது. செண்ட் வாசனையில் நின்ஃபாவின் இறால்கூட நாறுவதை நிறுத்திவிட்டது. வழியெல்லாம் கையை உயர்த்தி எல்லோருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டே வந்தான், தேர்தலில் ஜெயித்த மாதிரி. ஏழு வருஷம் முன்னால் ஓடிப்போனவன் வருகிற நடையா அது?

"என் கறுப்பி!" என்று பழைய செல்லப்பேரைச் சொல்லி இரண்டு கையையும் விரித்தான்.

"என் வாணலி எங்கே?"

கூட்டம் சிரித்தது. டெமெத்ரியோவும் சிரித்தான். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது புரிய அவனுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

"வாணலி என்ன வாணலி? மனுஷன் வந்திருக்கேன்ல?"

"வாணலியா இருந்தா ஏதாவது வேலைக்கு ஆகும்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா," என்று கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். "கோவம் இருக்கு. கோவம் இருந்தா என்ன அர்த்தம்? பிரியம் இருக்குன்னு அர்த்தம். தோன் பௌலினோ, நீங்களே சொல்லுங்க பெரியவரே."

"நான் காபி குடிக்க வந்தேம்ப்பா," என்றார் கிழவர்.

அவனுடைய பழைய நாற்காலியில் வாழைத்தார் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஏழு வருஷமாகத் தார்தான் அதில் உட்கார்கிறது, அவனைவிடப் பாரமில்லாமல், அவனைவிடப் பிரயோசனமாக. அதை அவனே இறக்கிவைத்தான். கிளிச் சட்டையின் கைப்பட்டியில் பால் கறை பட்டது. சோப்பு, எலுமிச்சை, ஆண்டவன் எதற்கும் போகாத கறை அது. இந்தச் சந்தையில் பிறந்து வளர்ந்தவன், தாரை எப்படித் தூக்க வேண்டும் என்பதைக்கூட மறந்துவிட்டு வந்திருக்கிறான். உட்கார்ந்து மேசையைத் தட்டினான்.

"சரி. என் உருண்டையைக் கொண்டா கறுப்பி. நம்மாளுங்க எல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க."

நின்ஃபா மீன் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தாள். அவள் வியாபார நேரத்தில் கத்தியைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

தட்டில் சுடச்சுட ஏழெட்டு உருண்டைகள் இருந்தன. லெயோனிசா கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்தாள். நெஞ்சு வைத்த உருண்டை மற்றதைப் போல இறுகிக் கிடக்காது. உள்ளே சீஸ் உருகியிருப்பதால் நடுவில் ஒரு மெத்து இருக்கும். வேறு யாருக்கும் தெரியாது, அவளுடைய உள்ளங்கைக்குத் தெரியும். கை செய்துவிட்டது. அவள் பார்க்காத நேரத்தில் செய்துவிட்டது. செய்தது மட்டுமில்லாமல் இருந்ததில் அதையே பொறுக்கியும் எடுத்துவிட்டது.

அவளுக்கு அழுகை முட்டியது. உண்மையைச் சொன்னால் அந்த ஒரு நிமிஷம் அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஏழு வருஷமாகக் கை ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வாய்தான் கேட்கவில்லை. வீட்டில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லாமல் விடிகிற காலைகள் அவளுக்கு அலுத்துப்போயிருந்தன. கிழவன்தான், கோமாளிதான், ஆனாலும் தெரிந்த கோமாளி. உருண்டையைத் தட்டில் வைத்தாள். தட்டை நகர்த்துவதற்கு முன்னால் அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை.

கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒரு மூட்டை தூக்குகிறவனுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இன்னொருத்தனைப் பார்த்து, "ராத்திரி எங்க வீட்டுக்கு வா," என்றான். எங்க வீட்டுக்கு! உருண்டையையும் பார்க்கவில்லை, உருட்டினவளையும் பார்க்கவில்லை. ஏழு வருஷம் கழித்து வந்தவன், அவள் தலை நரைத்திருக்கிறதா, கையில் சுட்ட தழும்பு கூடியிருக்கிறதா என்று ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்திருந்தால் போதும். சந்தை பார்த்திருக்க ஜெயிக்க வந்தவனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

லெயோனிசாவுக்கு முட்டிய அழுகை அப்படியே வற்றிப்போனது. அந்த உருண்டையை எடுத்துத் தனியாக ஒரு வாழையிலைத் துண்டில் வைத்தாள். தட்டிலிருந்து வேறொன்றை, இறுகினதாகப் பார்த்து எடுத்து, அவன் முன்னால் வைத்தாள்.

"தின்னு."

டெமெத்ரியோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். மந்திரவாதி மாதிரி உருண்டையை உயரத் தூக்கி நாலு பக்கமும் காட்டினான். "இதோ!" என்று சொல்லி இரண்டாகப் பிட்டான்.

ஆவி வந்தது. வேறொன்றும் வரவில்லை.

"இருங்க இருங்க. ஓரமா ஒதுங்கியிருக்கும்," என்று ஒரு பாதியை மறுபடி பிட்டான். அப்புறம் இன்னொரு பாதியை. அப்புறம் விரலால் கிளற ஆரம்பித்தான். அரிசியில் கல் பொறுக்குகிறவன்கூட அவ்வளவு அக்கறையாகப் பொறுக்க மாட்டான். சூடு விரலைச் சுட, ஊதி ஊதிக் கிளறினான். உருண்டை தூளாகி, தட்டு முழுக்க இறைந்து, கிளிச் சட்டை மேலெல்லாம் கொட்டியது. முதலில் ஒருத்தன் சிரித்தான், பிறகு சந்தையே சிரித்தது. தோன் பௌலினோ சிரிப்பில் காபியை மூக்கால் விட்டார்.

"மறந்துட்டா!" என்று கத்தினான் டெமெத்ரியோ. "கூட்டத்துல மறந்துட்டா, அவ்வளவுதான். வேற குடு. அதோ, அந்த இலையில தனியா எடுத்து வச்சிருக்கியே, அது யாருக்கு?"

எல்லாத் தலையும் இலைப்பக்கம் திரும்பியது. அவனுக்கு மூளை இல்லையே தவிர, தின்கிற விஷயத்தில் கண் நல்ல கூர்மை. பொய் சொல்லலாம். ஆனால் யாராவது பிட்டுப் பார்த்தால் போச்சு.

"அது வீட்டு ஆளுக்கு," என்றாள்.

சிரிப்பு நின்றுபோனது. டெமெத்ரியோவின் முகம் மறுபடியும் மலர்ந்தது, வெட்கம்கெட்ட முகம், மலர்வதற்கு அதற்கு ஒன்றும் தேவையில்லை.

"பாத்தீங்களா? வீட்டு ஆளு! வீட்டு ஆளு யாரு? நான்தானே?" என்று கையை நீட்டினான்.

"கர்னல்," என்று கூப்பிட்டாள் லெயோனிசா. "வாடா."

மேசைக்கடியிலிருந்து நாய் நொண்டிக்கொண்டு வெளியே வந்தது. இவ்வளவு சீக்கிரத்தில், இவ்வளவு ஜனங்களுக்கு நடுவில் அதைக் கூப்பிட்டதில்லை. கொஞ்சம் கூச்சத்தோடுதான் வந்தது. அவள் இலையோடு உருண்டையைத் தரையில் வைத்தாள். கர்னல் மற்ற நாய்களைப் போலப் பாய்ந்து கவ்வவில்லை. நல்ல காலின் பாதத்தை உருண்டைமேல் வைத்து, நடுவில் அழுத்தி, இரண்டாக விரித்தது. வெள்ளையாக உருகி நூல் நூலாக நெஞ்சு வெளியே வழிந்தது. முதலில் அதைத்தான் நக்கியது, அவசரமில்லாமல், உரிமையுள்ளவன் மாதிரி. பிறகுதான் மற்றதைத் தின்றது.

"அடியாத்தீ!" என்றாள் நின்ஃபா. "இது இன்னிக்குப் பழகினதில்லையே! நாய்க்கு நெஞ்சு இருக்கிற இடம் தெரியுதே!"

டெமெத்ரியோ நீட்டிய கையை மடக்க மறந்து உட்கார்ந்திருந்தான். "இந்த... இந்த நாய்க்கு எப்பலேர்ந்துடி நெஞ்சு வைக்கிறே?"

லெயோனிசா அவனை நேராகப் பார்த்தாள்.

"நீ என் வாணலியைத் தூக்கிட்டுப் போனியே, அதுக்கு மறுநாள்லேர்ந்து."

சந்தை அதிர்ந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். புருஷன் விட்டுப்போன இடத்தில் நொண்டி நாயை வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறாள் என்று இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இதைவிட ஒரு ஆம்பிளையைச் செருப்பால் அடிக்க முடியாது என்றாள் நின்ஃபா. லெயோனிசா சொன்னது அவள் வாழ்க்கையிலேயே சொன்ன ஒரே முழு உண்மை என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன் பௌலினோ மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவள் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மரியாதையாகக் காபிக் கோப்பைக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார்.

டெமெத்ரியோவுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்கிற ஆளாக இருந்திருந்தால் போயிருக்கவே மாட்டான். எழுந்தான், சட்டைமேல் இருந்த தூளைத் தட்டினான், கறை போகிறதா என்று கைப்பட்டியைத் தேய்த்தான். நடக்க ஆரம்பித்தான்.

"காசு," என்றாள் லெயோனிசா.

நின்றான். பையில் கைவிட்டுத் துழாவி, நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தான். வைத்தபிறகுதான் அவனுக்கு முகம் உண்மையாகவே செத்தது. பஸ் நிலையத்துப் பக்கம் போனான். வெள்ளை ஷூ சேற்றில் சளக்சளக் என்றது.

மறுநாள் விடிகாலையில் லெயோனிசா உரலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சீஸை முழுக்க உதிர்க்கவில்லை. கை பாட்டுக்கு ஒரு துண்டை ஒடித்தது. அவள் அதைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கை துண்டை நடுவில் வைத்து மூடி, உருட்டி, கொழுப்பில் இறக்கியது. மேசைக்கடியிலிருந்து கர்னல் நிமிர்ந்து பார்த்தது.

"உனக்குத்தாண்டா," என்றாள்.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது. முதல் ஈடு வெந்ததும், வாடிக்கைக்காரர்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அதைத்தான் முதலில் எடுத்து இலையில் வைத்துக் கீழே இறக்கினாள். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.